சோதிக்க நாமே ஆள் கூப்பிடலாம்: விவசாய ரசாயனக் கிடங்குகளில் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வு

உரக் கிடங்கில் சோதனை என்றால், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் அதிகாரியும் அவர் கிளம்பும்போது நீட்டும் அபராதச் சீட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது சட்டப்படி நடக்கும் சோதனை. இன்னொரு வகையும் உண்டு. எந்தச் சட்டமும் கேட்காதபோதே, கிடங்கு வைத்திருப்பவர் விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து, "உள்ளே வந்து எல்லாவற்றையும் பாருங்கள், எங்கே கோளாறு இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்பது. அல்லது தீயணைப்புத் துறை போன்ற ஓர் அமைப்பு "வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்க, இவர் சரி என்று கதவைத் திறப்பது. இரண்டுமே தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வுதான். வருபவர் அனுமதியின் பேரில் வருகிறார். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னால் திரும்பிப் போக வேண்டியதுதான். பெரும்பாலும் அபராதமும் கிடையாது.

அபராதம் இல்லாத சோதனையால் என்ன பயன் என்று கேட்டால், நியாயமான கேள்வி. பயன் இருக்கிறது, ஓர் எல்லை வரை. அந்த எல்லைக்குப் போவதற்கு முன், கிடங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே இருப்பவை

விவசாயக் கிடங்கில் இருக்கும் எல்லாமே ஒரே மாதிரி ஆபத்தானவை இல்லை. யூரியாவும் பொட்டாஷும் ஏறக்குறைய சாதுக்கள். அதிகம் பேச வேண்டியது அமோனியம் நைட்ரேட் பற்றி. வெள்ளை மணிகளாக இருக்கும் இந்தத் தழைச்சத்து உரம், சுத்தமாகவும் சூடுபடாமலும் தனியாகவும் இருக்கும்வரை வம்புக்கு வராது. தானாகப் பற்றி எரியும் பொருளும் இல்லை. ஆனால் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் உருகும். 210 டிகிரியைத் தாண்டும்போது வேகமாகச் சிதைந்து வாயுக்களை வெளிவிடும். ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பக்கத்தில் எரியும் மரத்துக்கும் காகிதத்துக்கும் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். காற்றை அடைத்துத் தீயை அணைக்கும் வழக்கமான வித்தை இங்கே பலிக்காது. உருகிய நைட்ரேட் டீசலோடு கலந்தாலோ, ஒரு குழாய்க்குள்ளோ குழிக்குள்ளோ போய் அடைபட்டாலோ, வெடிக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும்.

வரலாற்றில் இதற்கு உதாரணம் நிறைய. 1947இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் நின்ற கப்பலில் சுமார் 2,300 டன் நைட்ரேட் வெடித்து ஏறத்தாழ 580 பேர் இறந்தார்கள். 2001இல் பிரான்சின் துலூஸ் நகரத்து உரத் தொழிற்சாலையில் 31 பேர். 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்த பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் வைத்திருந்ததாகக் கணக்கில் இருந்தது 2,750 டன். இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். பெய்ரூட்டில் அந்தச் சரக்கு அங்கே கிடப்பது அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. கடிதப் போக்குவரத்தே நடந்திருந்தது. தெரிவது வேறு, சரிசெய்வது வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது நீரற்ற அமோனியா, அதாவது தண்ணீர் கலக்காத அமோனியா. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தம் கொடுத்துத் திரவமாக டேங்கில் வைக்கிறார்கள். கசிந்தால் ஈரத்தைத் தேடிப் போகும்: கண், தொண்டை, நுரையீரல். பூச்சிக்கொல்லிகளும் களைக்கொல்லிகளும் மூன்றாவது வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தானியத்துக்குப் புகைபோடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற கொடிய விஷவாயுவைக் கிளப்பும். நைட்ரேட் இருக்கும் இடத்தில் தீ பிடித்தால் ஆரம்பத்திலேயே தண்ணீரை வெள்ளமாக அடிக்க வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு இருக்கும் அறையில் தண்ணீரையே கொண்டுபோகக் கூடாது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், எது எந்த மூலையில் என்பது வெளியிலிருந்து வரும் தீயணைப்பு வீரருக்கு எப்படித் தெரியும்?

ஒரு சிற்றூர், பல அலுவலகங்கள்

தன்னார்வ ஆய்வு பற்றிப் பேசும் யாரும் டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற சிற்றூரைத் தாண்டிப் போக முடியாது. 2013 ஏப்ரல் 17, மாலை ஏழரை மணியளவில், அங்கிருந்த உரக் கிடங்கில் தீ. தகவல் வந்து சுமார் இருபது நிமிடத்தில் கிடங்கு வெடித்தது. இறந்தவர்கள் 15 பேர். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் ஓடியவர்கள். 260 பேருக்கு மேல் காயம். பக்கத்தில் இருந்த பள்ளி, முதியோர் இல்லம், அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாம் சிதைந்தன. பள்ளி நேரமாக இருந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

கட்டடம் மரக் கட்டடம். நைட்ரேட்டைக் கொட்டி வைத்திருந்த தொட்டிகளும் மரம். தானியங்கித் தெளிப்பான் கிடையாது. எரியக்கூடிய விதைகளும் அதே கட்டடத்தில். இவ்வளவும் மறைத்து வைத்த ரகசியம் இல்லை. உள்ளே நடந்து பார்க்கும் எவருக்கும் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படக்கூடியவை. அப்படியானால் யாரும் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள், துண்டு துண்டாக. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா அங்கே கடைசியாகச் சோதித்தது 1985இல். சுற்றுச்சூழல் அமைப்பு 2006இல் ஒரு சிறு அபராதம் போட்டது, அதுவும் அமோனியா விபத்தை முன்னிட்டுச் சட்டப்படி எழுதித் தர வேண்டிய இடர்த் திட்டத்துக்காக. அந்தச் சட்டத்தின் பட்டியலில் அமோனியா இருந்தது, அமோனியம் நைட்ரேட் இல்லை. ஆக, கிடங்கின் மோசமான விபத்து எது என்று காகிதத்தில் யோசித்தபோது அமோனியா கசிவைத்தான் யோசித்தார்கள். பக்கத்தில் மரத்தொட்டியில் கிடந்த நைட்ரேட் எந்த அலுவலகத்தின் கேள்வியிலும் முழுசாக வரவில்லை. டெக்சாஸில் மாநிலம் முழுக்கப் பொருந்தும் தீத்தடுப்பு விதி அப்போது இல்லை. சிறிய மாவட்டங்கள் பெரும்பாலும் தாமாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை.

இதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இன்னொன்று. விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அந்தக் கிடங்குக்குக் காப்பீடு கொடுத்த ஒரு நிறுவனம் ஆள் அனுப்பிச் சோதித்திருக்கிறது. குறைகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. அவை சரியாகவில்லை என்று காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விலகிக்கொண்டது. கிடங்கு வேறொரு நிறுவனத்திடம் போனது. அதாவது, எழுதி வைத்த அறிக்கை இருந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

தீ எப்படிப் பற்றியது? 2016இல் ஏடிஎஃப் என்ற கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு, யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று அறிவித்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் நம் விஷயத்துக்கு அது இரண்டாம்பட்சம்தான். தீயை வைப்பவனை எந்தக் கிடங்கு ஆய்வும் தடுக்காது. ஆனால் தீ பிடித்தால் அது வெறும் தீயாக முடிகிறதா, ஊரையே தூக்கி அடிக்கும் வெடிப்பாக மாறுகிறதா என்பது உரம் எதில், எதன் பக்கத்தில், எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆய்வின் வேலை அங்கேதான்.

வந்தவர் என்ன செய்வார்

நல்ல ஆய்வாளர் அலுவலக அறையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டுவதோடு நிற்க மாட்டார். முதலில் சரக்குப் பட்டியலைக் கேட்பார்: இன்று, இந்த நேரத்தில், எது எவ்வளவு, எந்த இடத்தில். பிறகு பட்டியலோடு நடப்பார். பல கிடங்குகளில் இந்த முதல் நடையிலேயே பட்டியலும் தரையும் ஒத்துப்போகாது. போன பருவத்தில் மிச்சமான இரண்டு கேன், லேபிள் உரிந்த ஒரு டிரம், "அது என்னவென்றே தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருக்கிறது" என்ற வகைப் பெட்டி ஒன்று.

நைட்ரேட் இருக்கும் இடத்தில் அவர் மேலே பார்ப்பதைவிடக் கீழே அதிகம் பார்ப்பார். மூட்டை கிழிந்து சிந்தியதை யாரும் கூட்டாமல் விட்டிருக்கிறார்களா, சிந்தியது பலகைக்கு அடியில் கட்டிதட்டிக் கிடக்கிறதா, ராத்திரி ஃபோர்க்லிஃப்டை நிறுத்தும் இடத்தில் டீசலோ ஆயிலோ சொட்டிய கறை இருக்கிறதா, அந்தக் கறைக்கும் குவியலுக்கும் எத்தனை அடி. சுவரோ தடுப்போ மரமாக இருந்தால் விரலால் சுரண்டிப் பார்ப்பார். ஆண்டுக்கணக்காக நைட்ரேட்டை உறிஞ்சிய மரம் எண்ணெயில் ஊறிய திரியைப் போல் சட்டென்று பிடித்துக்கொள்ளும். செம்பு, துத்தநாகம் பூசிய தகடுகளைப் பார்த்தாலும் குறித்துக்கொள்வார். அவை நைட்ரேட்டோடு ஒத்துப்போகாத உலோகங்கள். அப்புறம் குவியலுக்கு மேலே தொங்கும் விளக்கு, வெறும் ஒயர், சூடாகும் மோட்டார். அமெரிக்க விதிப்படி மூட்டைகள் சுவரிலிருந்து குறைந்தது 30 அங்குலம் தள்ளியும், குவியல் 20 அடி உயரத்துக்கு மிகாமலும், குவியல்களுக்கு நடுவில் 3 அடி வழியும் இருக்க வேண்டும். அளவு நாட்டுக்கு நாடு மாறலாம், ஆனால் நோக்கம் ஒன்றே: சுற்றிலும் ஆள் போக வேண்டும், சூடு அடைபடக் கூடாது.

தரையில் ஒரு வடிகால் துளை இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார். "இது எங்கே போகிறது?" என்று கேட்பார். கிடங்கில் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான் என்பது என் அபிப்பிராயம். நைட்ரேட் பகுதியில் வடிகால் இருந்தால், தீயில் உருகியது அதற்குள் வழிந்துபோய் அடைபடும்; அடைபட்டது வெடிக்கும். அதனால்தான் அங்கே திறந்த வடிகாலோ குழியோ இருக்கக் கூடாது என்கிறார்கள். பூச்சிக்கொல்லிப் பகுதியில் அதே வடிகால் வேறு காரணத்துக்காக ஆபத்து. 1986 நவம்பர் 1 அதிகாலை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரருகே ஷ்வைட்சர்ஹாலே என்ற இடத்தில் ஒரு விவசாய ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் விஷத்தைக் கழுவிக்கொண்டு ரைன் நதிக்குள் போனது. ஆறு சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் கீழ்நோக்கி நெடுந்தூரத்துக்குச் செத்து மிதந்தன. தீயை அணைத்த தண்ணீரைத் தேக்கி வைக்கப் போதுமான இடம் இல்லை என்பதுதான் அங்கே விபத்தைப் பேரழிவாக்கியது. இன்று ரசாயனக் கிடங்கைச் சுற்றி அணைப்பு நீரைத் தேக்கும் வரப்புச் சுவரைக் கேட்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அமோனியா டேங்கில் வேலை சுருக்கம்தான்: ஹோஸில் அச்சிட்ட காலாவதித் தேதி, பாதுகாப்பு வால்வின் தேதி, 85 சதவீதத்துக்கு மேல் நிரப்புகிறார்களா, கண் கழுவக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா. பூச்சிக்கொல்லி அலமாரியில் பொடிக்கு மேல் தட்டில் திரவ மருந்து வைத்திருந்தால் மாற்றச் சொல்வார். கசிந்தால் கீழே இருக்கும் பொடி அட்டைகள் எல்லாம் நாசம். பூட்டு, காற்றோட்டம், உணவும் தீவனமும் தனியாக இருப்பது என்று மற்றதெல்லாம் நாமே ஊகிக்கக்கூடியவை.

கடைசியாக, முதலாளியை விட்டுவிட்டு மூட்டை தூக்கும் ஒருவரிடம் பேசுவார். "ராத்திரி பத்து மணிக்கு இங்கே புகை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" பதில் தயங்கி வந்தால், சுவரில் மாட்டியிருக்கும் அவசரகாலத் திட்டம் வெறும் காகிதம்.

யாரைக் கூப்பிடுவது

பல வழிகள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வருவார். அவருக்குத் தன் பணம் பத்திரமாக இருக்க வேண்டும், அதனால் நன்றாகவே பார்ப்பார். தொழில் சங்கங்கள் நடத்தும் தணிக்கைத் திட்டங்களும் உண்டு. வெஸ்ட் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 2014இல், அமெரிக்க உரத் தொழில் அமைப்புகள் ரெஸ்பான்சிபிள்ஏஜி என்ற ஒன்றைத் தொடங்கின. பயிற்சி பெற்ற தணிக்கையாளர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து, கூட்டாட்சி விதிகளை வைத்துத் தயாரித்த கேள்விப் பட்டியலோடு கிடங்கைப் பார்ப்பார். குறைகளை எல்லாம் சரிசெய்த பிறகே சான்றிதழ்.

மூன்றாவது, அரசே நடத்தும் ஆலோசனை வருகை. ஓஷாவின் இந்தத் திட்டம் சிறு நிறுவனங்களுக்கு இலவசம். அபராதம் போடும் பிரிவிலிருந்து தனியாக இயங்குகிறது, கண்டதை வெளியே சொல்லாது. ஒரே நிபந்தனை: கடுமையான ஆபத்து என்று சொல்லப்பட்டதைப் பேசி ஒத்துக்கொண்ட தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். செய்ய மறுத்தால் விஷயம் அபராதப் பிரிவுக்குப் போகலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வரச் சொல்வது உங்கள் இஷ்டம், கண்டபின் சும்மா இருப்பது உங்கள் இஷ்டம் இல்லை.

நான்காவது, உள்ளூர் தீயணைப்பு நிலையம். தணிக்கைத் தாளை நிரப்ப வருகிறார்களோ இல்லையோ, அவர்கள் ஒருமுறை கிடங்குக்குள் நடந்து பார்த்திருப்பது மிகப் பெரிய விஷயம். 2014 மே மாதம் டெக்சாஸின் ஏதென்ஸ் ஊரில், அதே மாதிரி மரக் கட்டடத்தில், அதே நைட்ரேட் இருந்த ஓர் உரக் கடை எரிந்தது. வெஸ்ட் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். வீரர்கள் கட்டடத்தைக் காப்பாற்றப் போராடாமல், சுற்றியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, தள்ளி நின்று எரிய விட்டார்கள். வெடிக்கவில்லை, யாரும் சாகவும் இல்லை. எப்போது அணைப்பது, எப்போது ஓடுவது என்று முடிவு செய்ய முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர் தரும் சரக்குப் பட்டியலும் ஒரு பக்க வரைபடமும் இந்த முடிவைத்தான் சாத்தியமாக்குகின்றன.

எல்லை எங்கே

இனி குறைகள். அழைப்பின் பேரில் வருவது என்பதுதான் இதன் பலம். தண்டனைப் பயம் இல்லாததால் உரிமையாளர் ஒளித்து வைக்காமல் காட்டுவார், "இது எனக்கே சந்தேகமாக இருக்கிறது, பாருங்கள்" என்று அவரே இழுத்துக்கொண்டு போவார். பலவீனமும் அதுவேதான். யார் கூப்பிடுவார்? ஏற்கெனவே ஓரளவு ஒழுங்காக வைத்திருப்பவர். எவர் கிடங்கைப் பார்க்க வேண்டுமோ அவர் கதவைத் திறக்க மாட்டார். வெஸ்டுக்குப் பிறகு டெக்சாஸ் மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகம் நைட்ரேட் வைத்திருக்கும் இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்க்கக் கிளம்பியது. சட்ட அதிகாரம் இல்லை, கேட்டுத்தான் போக வேண்டும். பெரும்பாலோர் திறந்தார்கள், சில இடங்களில் முடியாது என்றார்கள். 2015இல் மாநிலம் சட்டம் போட்டது: தீயணைப்பு அலுவலர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், எரியக்கூடிய பொருள்களிலிருந்து நைட்ரேட் குறைந்தது 30 அடி தள்ளியிருக்க வேண்டும். தன்னார்வம் எட்டாத இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. இதனால் முதலில் செய்தது வீண் என்று ஆகிவிடாது. என்ன நிலவரம் என்று தெரிய அந்த வருகைகள்தான் உதவின. ஆனால் தன்னார்வ ஆய்வு இருக்கிறதே, சட்டம் எதற்கு என்று ஒரு தொழில் கேட்டால், அந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு குறை, தேதி சொல்லிவிட்டு வருவது. முந்தைய நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்குவார்கள். பரவாயில்லை, அதிலும் ஒரு லாபம் உண்டு. மரச்சுவரையும் வடிகாலையும் துடைப்பத்தால் மறைத்துவிட முடியாது. சிக்கல் வேறு இடத்தில்: கிடங்கு காலியாக இருக்கும் மாதமாகப் பார்த்து ஆய்வு வைப்பது. காலிக் கிடங்கு எப்போதும் பத்திரமாகத்தான் தெரியும். பருவத்துக்கு முன் சரக்கு நிரம்பி, வண்டிகள் வரிசைகட்டி, ஆட்கள் அவசரத்தில் இருக்கும் வாரத்தில் வரச் சொல்லுங்கள்.

எழுத்தில் அறிக்கை வந்தால் பிறகு வழக்கு வரும்போது "தெரிந்தே விட்டார்" என்று அதையே எடுத்துக் காட்டுவார்களே என்ற பயம் பல உரிமையாளர்களுக்கு உண்டு. பயம் பொய்யில்லை. அறிக்கையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், முடிந்ததா என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினால் அதே காகிதம் உங்கள் பக்கம் பேசும். பணம் அதிகம் பிடிக்கும் வேலை, உதாரணத்துக்கு மரத்தொட்டியை கான்கிரீட்டாக மாற்றுவது, உடனே முடியாது. அதுவரை சரக்கின் அளவைக் குறைக்கலாம், விதையையும் தீவனத்தையும் வேறு கட்டடத்துக்கு மாற்றலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

இப்படித் திட்டம் எதுவும் எட்டாத சிறு கிடங்காக இருந்தால், அடுத்த கிடங்குக்காரரோடு பேசி ஒருநாள் அவர் உங்களுடையதையும் நீங்கள் அவருடையதையும் பார்க்கலாம். தினமும் அதே கறையைத் தாண்டி நடப்பவருக்கு அது கண்ணில் படாது, புது ஆளுக்குப் படும். தொழில்முறை ஆய்வுக்கு இது ஈடாகாது. ஆனால் பட்டியல், வரைபடம், லேபிள் இல்லாத டிரம், வடிகால் போகும் இடம் ஆகிய நான்கும் அன்றே தெரிந்துவிடும். பட்டியலின் ஒரு பிரதியைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டு வரலாம். இன்னொன்று கிடங்குக்கு வெளியே, கேட் பக்கத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்; அந்தப் பெட்டியின் சாவி நிலையத்திலும் ஒன்று இருக்க வேண்டும். உள்ளே அலுவலக அறையில் வைத்தால், தேவைப்படும் நேரத்தில் யாரும் போய் எடுக்க முடியாது.